கூரையைப் பார்த்த ஐந்து மணித்தியாலம்

“குத்துவிளக்கு ஏத்தினதுக்குப் பன்னிரண்டு நிமிஷம்,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நாகேந்திரம் கொப்பியில் ஒரு கழித்தல் குறி போட்டார். சாப்பாட்டு மேசையின் மற்ற முனையிலிருந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி சரோஜினிதேவி நிமிர்ந்து பார்த்தாள். தேநீர் இடைவேளைகளை அவர் ஏற்கெனவே கழித்தாயிற்று. தலைவர் உரை, நன்றியுரை, புரொஜெக்டர் வேலை செய்யாமல் எல்லாரும் வெறுஞ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது நிமிஷம், எல்லாம் கழித்தாயிற்று. இப்போது குத்துவிளக்கு. இனி இந்த மனுசன் செமினாரில் தும்மின நேரத்தையும் கழிப்பார் என்று அவள் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவும் சொன்னாள்.

“தும்மினது செக்கன் கணக்கு. அதை விடலாம்,” என்றார் அவர், தலை நிமிராமல்.

கடிதம் வந்தது தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். நாகேந்திரம் கட்டடப் பொறியியலாளர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் லண்டனிலுள்ள ஒரு நிறுவனத்தின் பரீட்சையில் தேறி, பெயருக்குப் பின்னால் சில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளும் உரிமையைப் பெற்றவர். எழுத்துகள் சும்மா நிலைத்திருப்பதில்லை. வருஷத்துக்கு முப்பது மணித்தியாலம் புதிதாக ஏதாவது படித்ததாக ஒரு படிவத்தில் எழுதி அனுப்பவேண்டும். அவரும் ஒவ்வொரு வருஷமும் அனுப்பிக்கொண்டுதான் வந்தார். லண்டன்காரர் அதை வாசித்தார்களோ, அதில் வடை சுற்றினார்களோ, ஒருவருக்கும் தெரியாது. இந்த முறை, உறுப்பினர்களில் இருபது பேருக்கு ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்ததில் அவர் பெயர் விழுந்ததாகவும், 2007ஆம் ஆண்டின் முப்பது மணித்தியாலத்துக்கும் சான்று காட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மாசி மாத முடிவுக்குள் காட்டாவிட்டால் பெயர் ஏட்டிலிருந்து எடுக்கப்படும்.

“முப்பது வருஷமா லொத்தர் சீட்டு எடுத்தனீங்கள், ஒரு சைக்கிள் ரியூப்பும் விழேல்ல,” என்றாள் சரோஜினி அன்றைக்கு. “விழ விழ இதே விழவேணும்?”

பகிடி விட்டாளே தவிர, கடிதத்தை அவள் இரண்டாந்தரமும் எடுத்து வாசித்தாள். அறுபதைத் தாண்டியவரை வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தில் கம்பனி வைத்திருப்பது, வரைபடத்தின் மூலையில் அந்த எழுத்துகளோடு அவர் ஒப்பமிடுகிறார் என்பதற்காகத்தான். அதைவிட வேறொன்றும் இருந்தது. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சண்டைக் காலத்துத் தலைநகரில், வெள்ளவத்தை வீட்டிலிருந்து கந்தோருக்குப் போய் வருவதற்குள் மூன்று சோதனைச் சாவடி. அடையாள அட்டையை நீட்டும்போது அந்த எழுத்துகள் போட்ட தன் விசிட்டிங் காட்டையும் அவர் சேர்த்து நீட்டுவார். ஆமிக்காரப் பொடியன் முதலாவதைப் பார்த்து முகத்தை இறுக்குவான். இரண்டாவதைப் பார்த்து, “இன்ஜினியர் மாத்தயா” என்று, ஐயா போட்டு, குரலைக் கொஞ்சம் இறக்குவான். அந்தக் கொஞ்சத்தில்தான் அவர் தினமும் வீடு வந்து சேருகிறார் என்று சரோஜினி நம்பினாள். எழுத்துகள் போனால் அவர் கையில் ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சும். அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு வருது?” என்று கேட்டாள்.

“இருபத்தஞ்சு.”

“சேர்டிபிக்கேற்றில போட்டிருக்கிறதைக் கூட்டினா?”

“இருபத்தெட்டு. ஆனா அது அவங்கள் அச்சடிச்ச கணக்கு. நான் படிச்ச கணக்கு இருபத்தஞ்சு.”

சரோஜினி கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவந்து கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். முப்பது வருஷம் தொலைபேசி எக்சேஞ்சில் வேலை செய்தவள். எந்த இணைப்பு எந்தத் துளையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவளுக்கு ஒரு கோப்பு எம்மாத்திரம்? கடைசிப் பிளாஸ்டிக் உறையில் இன்னொரு சான்றிதழ் இருந்தது. தங்கநிறக் கரை. உயர்ந்த கட்டடங்களில் காற்றின் விசை என்று தலைப்பு. ஆறு மணித்தியாலம். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை.

“இதென்ன, இதைச் சேர்க்கேல்லையே? இதோட முப்பத்திநாலு!”

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அந்தச் சனிக்கிழமை நான் எங்க இருந்தனான் எண்டு உமக்குத் தெரியாதே?”

தெரியாமலா? அந்த நாளை அவள் மறக்கிறதாவது. விடிகிறதுக்கு முன் பொலிசும் ஆமியும் பிளாட்டை வளைத்துக்கொண்டார்கள். மாடி மாடியாகத் தட்டி, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் இறக்கினார்கள். நாகேந்திரம் செமினாருக்கு மினுக்கி வைத்திருந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். சரோஜினி இந்த ஊரிலேயே, கொட்டாஞ்சேனையில், பிறந்தவள் என்றபடியால் அவளை விட்டுவிட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் இடம் காணாமல் இருநூறு பேர் மட்டில் பக்கத்து ஒழுங்கையிலுள்ள கலியாண மண்டபத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆறு மணிக்கெல்லாம் அவள் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியோடு அந்தக் கேற்றடியில் நின்றாள்.

“அப்ப இந்தச் சேர்டிபிக்கேற்?”

“மக்கீன்,” என்றார் அவர்.

சரோஜினி போன் எடுக்க, கோப்புப் பார்த்த அன்று பின்னேரமே மக்கீன் மாளிகாவத்தையிலிருந்து வந்துவிட்டார். கந்தோரில் நாகேந்திரத்துக்குப் பக்கத்து மேசை. வயதில் ஐந்தாறு வருஷம் இளையவர். சரோஜினியைக் கண்டால் சொந்த அக்காவைக் கண்டதுபோல முதலில் சாப்பாட்டை விசாரிப்பவர். அன்றைக்கு விசாரிக்கவில்லை. கதிரை நுனியில் இருந்தார்.

“அண்ணே, அந்தச் சேர்டிபிகேட்ட போட்டு அனுப்புங்க. அதுக்குத்தானே அது ஈக்கி.”

“நான் வராத கூட்டத்துக்கு, மக்கீன்?”

“அக்கா, நீங்களாவது கேளுங்க,” என்று அவர் சரோஜினியின் பக்கம் திரும்பினார். “அன்டைக்கு மினிஸ்டர் ஒத்தர் வார எண்டு பாதுகாப்புக்காரங்க முந்தியே பேர் லிஸ்ட வாங்கி ஈந்தாங்க. டீ டைம்ல அந்த லிஸ்டோட வந்து ஒவ்வொரு பேரா பாக்கிறாங்க. சைன் புக்ல அண்ணன்ட பேருக்கு நேரா வெறும் எடம். பேரக் குடுத்துட்டு வராத தமிழ் ஆள் எங்க போன எண்டு கேட்டா நான் என்னத்த சொல்ற? போனடிச்சா போனும் வேல இல்ல. எனக்கு நெஞ்சு படபடண்டு அடிக்கிது. கை தானா போச்சு. அண்ணன்ட சைன் எனக்கு மனப்பாடம் தானே, இருவது வருஷமா பாக்கிற.”

சரோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்துக்கு வராத நண்பனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவது கந்தோர்களில் நடக்காத புதினமில்லை. எல்லாரும் அதை மணித்தியாலத்துக்காகச் செய்வார்கள். இந்த மனுசன் பயத்தில் செய்திருக்கிறார், அதுவும் தனக்காகப் பயந்தல்ல.

நாகேந்திரம் எழும்பிப்போய் மக்கீனின் தோளில் கையை வைத்தார். “நீ போட்டது சரி. நான் அதை அனுப்பினா அது பிழையாப் போயிடும்,” என்றார்.

மக்கீன் அதை விளங்கிக்கொண்டாரோ என்னவோ, முகம் வாடித்தான் போனார். படியிறங்கும்போது, “அப்ப அதக் கிழிச்சுப் போடுங்க அண்ணே,” என்றார். நாகேந்திரம் கிழிக்கவில்லை. அடுத்த நாள் சரோஜினி அலுமாரியைத் திறந்தபோது, தங்கநிறக் கரை போட்ட அந்தச் சான்றிதழ் அவர்களுடைய கலியாணப் பதிவுப் பத்திரம் கிடக்கும் உறைக்குள் இருந்தது.

ஆனால் ஐந்து மணித்தியாலம் ஐந்து மணித்தியாலம்தானே. மாசி பிறந்துவிட்டது. போன வருஷம் போனது போனதுதான். இனிப் படித்து அதை நிரப்ப முடியாது. நாகேந்திரம் சாப்பாட்டைக் குறைத்தார். சோதனைச் சாவடியில் விசிட்டிங் காட்டை நீட்டக் கூச்சமாயிருக்கிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். சரோஜினிக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். படிவத்தைப் பறித்து விதிகள் அச்சடித்திருந்த பின்பக்கத்தை எழுத்தெண்ணி வாசித்தாள். செமினார் மட்டும்தான் படிப்பு என்று லண்டன்காரர் சொல்லவில்லை. தானாகப் பார்த்துப் படித்தது, இருக்கிற கட்டடமொன்றைப் பரிசோதித்தது, எல்லாம் சேருமாம். என்ன செய்தீர், எவ்வளவு நேரம், என்ன கற்றீர், சான்று என்ன. நாலு கேள்வி.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “அந்த மண்டபத்துக்குள்ள என்ன செய்தனீங்கள்?”

“எந்த மண்டபம்?”

“எந்த மண்டபமோ? நான் ஆறு மணியிலயிருந்து கேற்றுக்கு வெளியில நிக்கிறன். உங்களைப் பூசாத் தடுப்புக் காம்புக்குக் கொண்டு போறாங்களோ எங்க கொண்டு போறாங்களோ எண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி நிக்கிறன். எட்டரைக்கு வயசுபோனவையைத் தேத்தண்ணி குடிக்கக் கேற்றடிக்கு விட்டாங்கள். வந்தீங்கள். பயந்திட்டீரோ எண்டு ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? மூலையில கூரையைத் தாங்கிற ஒரு பீம் வெடிச்சிருக்கு எண்டு தொடங்கினீங்கள். பத்து நிமிஷம்! கேற்றுக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிஷமும் பீம்! மூண்டு மாசமா இதை வயித்துக்குள்ள வைச்சிருக்கிறன், தெரியுமோ?”

நாகேந்திரம் அவளையே பார்த்தார். “கீழ பார்த்தா பயமாயிருந்தது, சரோ,” என்றார். “பக்கத்தில இருந்த பொடியன் அழுறான். கதவடியில துவக்கோட நிக்கிறாங்கள். மேல பார்த்தன். தூணுக்குக் கிட்டச் சரிவா ஒரு வெடிப்பு. புது வெடிப்பு. அதுக்கு நேர மேல மொட்டைமாடியில புதுசாத் தண்ணித் தாங்கி வைச்சிருக்கிறாங்கள், ஒழுகிற சத்தம் கேக்குது. பிறகு எனக்கு அதைத் தவிர ஒண்டும் கேக்கேல்ல. அஞ்சு மணித்தியாலமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். உம்மட்டை வந்தும் அதைத்தான் கதைச்சிருக்கிறன். வேற வாயைத் திறந்திருந்தா அழுதிருப்பன்.”

முப்பது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரிலுள்ளவர்களின் குரலையெல்லாம் கேட்டவள், அன்று கேற்றடியில் தன் மனுசனின் குரலைச் சரியாகக் கேட்கவில்லையே என்று அவளுக்குச் சுட்டது. சுட்டதைக் காட்டிக்கொள்ளாமல் பேனையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“எழுதுங்கோ. இருக்கிற கட்டடமொன்றைப் பரிசோதித்தது. காலை அஞ்சு நாப்பது தொடக்கம் பத்து நாப்பது வரை.”

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பீமை, தன்னை விட்டு அனுப்பின அன்றே அவர் வரைந்து வைத்திருந்தார். வெடிப்பின் நீளம், சரிவு, தாங்கியின் பாரம், எல்லாம் குறித்திருந்தது. அப்போதுதான் அவர் இன்னொன்றும் சொன்னார். கூட்டத்தை அந்தப் பீமுக்குக் கீழே இருத்தவேண்டாம், மற்றப் பக்கம் நகர்த்துங்கள் என்று அவர் எழும்பி நின்று இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் சொல்ல, அந்தாள் முதலில் இரு என்று அதட்டி, பிறகு மேலே ஒருதரம் பார்த்துவிட்டு, இருநூறு பேரையும் எழுப்பி நகர்த்தினாராம். என்ன கற்றீர் என்ற கேள்விக்குக் கீழே நாகேந்திரம் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். கலியாண மண்டபத்தை வரைகிறவர் சனம் கதிரைகளில் பரவலாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறார். எல்லாரையும் வெடித்த பீமுக்குக் கீழே ஒரே மூலையில் குந்த வைப்பார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. எழுதி முடித்து, நேரத்துக்கான கட்டத்தில் பேனை நின்றது.

“ஆனா இடையில தேத்தண்ணி,” என்றார். “பத்து நிமிஷம் குறையுது.”

சரோஜினி தலையில் கைவைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு என்ன கதைச்சனீங்கள்?”

“பீம்தான்.”

“அப்ப அது இடைவேளை இல்லை. எனக்கு லெக்சர். போடுங்கோ அஞ்சு எண்டு.”

நாகேந்திரம் யோசித்துப் பார்த்தார். மறுக்க இடமில்லை. ஐந்து என்று போட்டார்.

மிஞ்சியது நாலாவது கேள்வி. சான்று. அவர் அந்த மண்டபத்துக்குள் ஐந்து மணித்தியாலம் இருந்தார் என்று முத்திரை குத்திச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான், பொலிஸ் நிலையத்தில்தான், இருந்தார்கள். தலையணைக்குள் தைத்து வைத்த பணத்தைக் கொடுத்தாவது அவனவன் பொலிஸ் புத்தகத்திலிருந்து தன் பெயரை எடுக்கப் பார்க்கிற காலத்தில், அந்தப் பெயர் அங்கே இருக்கிறதென்று எழுதித் தாருங்கள் என்று கேட்கப் போவதை விடப் பைத்தியக்காரத்தனம் வேறில்லை. சரோஜினிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நல்ல சீலையொன்றை எடுத்து உடுத்தாள். தனியே விட்டால் இவர் அங்கேயும் எதையாவது கழித்துவிட்டு வருவார்.

இன்ஸ்பெக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கோப்புகளுக்கு நடுவில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாகேந்திரம் குருநாகல் பக்கம் பாலம் கட்டப்போய்ப் பழகிய சிங்களத்தில், படிவத்தை மேசையில் வைத்து, விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து நேர்மையாகச் சொன்னார். நேர்மைதான் வினையாகப் போயிற்று. லண்டன் என்ற சொல் வந்ததும் இன்ஸ்பெக்டரின் கை பாணில் நின்றது.

“லண்டன் வல கவுத இன்னே?” என்றார். லண்டனில் யார் இருப்பது?

அந்த நாட்களில் ஒரு யாழ்ப்பாணத்தான் பொலிசில் வாயைத் திறந்து சொல்லக்கூடாத ஊர்ப் பெயர் லண்டன். இயக்கத்துக்குக் காசு வருவது அங்கேயிருந்துதான் என்பது பொலிசின் கணக்கு. நாகேந்திரம் இருபத்தைந்து வருஷமாகப் பெருமையோடு சொல்லிப் பழகினவர், வழக்கம்போலச் சொல்லிவிட்டார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கிட்ட வந்தான். நானே இவரைக் கூட்டிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று சரோஜினி நினைத்தாள். நாகேந்திரம் கொப்பியைத் திறந்து, பீம் வரைந்த பக்கத்தை இன்ஸ்பெக்டரின் முன்னால் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஆ,” என்றார். “பீம் மாத்தயா!”

கான்ஸ்டபிள் வாசலுக்குத் திரும்பிப் போனான். இன்ஸ்பெக்டர் படிவத்தை இழுத்து, உதடு அசைய, ஆறுதலாக வாசித்தார். வாசித்துவிட்டு, இந்தக் கதிரையில் நாலு வருஷமாக இருக்கிறேன், தன்னை அடைத்து வைத்ததற்குத் துண்டு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அதில் சிரிப்பு இருந்ததா என்று சரோஜினிக்குத் தெரியவில்லை. நீளமான புத்தகமொன்றைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் தேடி, நேரத்தைச் சரிபார்த்து, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். முதல் வசனம் சுலபமாக வந்தது. இரண்டாவதற்குப் பேனையைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். பிறகு எழுதி, முத்திரை குத்தி, நீட்டினார்.

படியிறங்கி வெயிலுக்கு வந்த பிறகுதான் இருவரும் அதை வாசித்தார்கள். மேற்படி நபர் அன்று காலை 5.40 தொடக்கம் 10.40 வரை மண்டபத்தில் இருந்தார். அவர் கூரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

“பரிசோதிச்சார் எண்டு போட்டிருக்கலாம்,” என்றார் நாகேந்திரம்.

“வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ,” என்றாள் சரோஜினி.

பதிவுத் தபாலில் எல்லாம் போயிற்று. அதை வாசிக்கிற வெள்ளைக்காரன் என்ன நினைப்பான், ஏட்டில் பெயரை வைப்பானா எடுப்பானா, அவர்களுக்குத் தெரியாது. பங்குனி நடுப்பகுதி வரை பதில் வரவில்லை. மக்கீன் மட்டும் தினமும் கந்தோரில் தபால் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடைக்கிடை பிளாட்டுக்கும் வந்து, பழையபடி முதலில் சாப்பாட்டை விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, நாகேந்திரம் வழக்கமான வழியை விட்டு அந்த ஒழுங்கைக்குள் திரும்பினார். சரோஜினி ஒன்றும் கேட்காமல் கூட நடந்தாள். மண்டபத்தில் கலியாணம். அன்றைக்கு அவள் பிடித்துக்கொண்டு நின்ற அதே கேற்றில் இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தது. நாதஸ்வரம் கேட்டது. பட்டுச் சீலைகளுக்கு மேலால், திறந்த கதவினூடாக, உள்ளே அந்த மூலை தெரிந்தது. பீமுக்குக் கீழே தரையிலிருந்து மேல் வரை புதிதாக இரும்பு முட்டுக் கம்பம் ஒன்று நிமிர்ந்து நின்றது. யாரோ அதை அலங்காரத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். தங்கக் கடதாசி சுற்றி, மல்லிகைச் சரம் கட்டி, அடியில் ஒரு நிறைகுடமும் வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாகேந்திரம் மரக்கறிப் பையை நிலத்தில் வைத்தார். கண்ணைச் சுருக்கி அந்த முட்டுக் கம்பத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல நகர்ந்து அடுத்த பீமுக்குப் போயிற்று.

சரோஜினி தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது பத்து. கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, சந்தைச் சாமான் எழுதிய துண்டின் பின்பக்கத்தில் அதைத் தொடக்க நேரமாகக் குறித்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.